நெட்புக்கில் லினக்ஸ்: ஓகே பட்டன் எங்கே?

வீட்டில் சும்மா கிடக்கும் 10 அங்குல நெட்புக்கில், அதாவது குட்டி லேப்டாப்பில், எந்த லினக்ஸ் போடலாம் என்று நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். இந்தக் கேள்வி வந்தாலே எல்லோரும் ராம் எவ்வளவு, பிராசசர் என்ன என்றுதான் ஆரம்பிப்பார்கள். ராமை மாற்றலாம். ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டி போடலாம். 1024-க்கு 600 என்ற திரையை மட்டும் ஒன்றும் செய்ய முடியாது. வருஷக்கணக்கில் உயிரை வாங்குவது அந்த 600 பிக்சல் உயரம்தான்.

இப்போது வரும் மென்பொருள்களில் பல, திரை குறைந்தது 768 பிக்சல் உயரம் இருக்கும் என்ற நினைப்பில் செய்யப்பட்டவை. நம்மிடம் இல்லாத அந்த 168 பிக்சலில்தான் ஓகே, அப்ளை, நெக்ஸ்ட் எல்லாம் உட்கார்ந்திருக்கும். செட்டிங்கை மாற்றிவிடலாம், சேமிக்க முடியாது. டேப் கீயைத் தட்டித் தட்டி, எந்தப் பட்டனில் நிற்கிறோம் என்று தெரியாமலே என்டர் அடிக்க வேண்டும். ஹார்ட் டிஸ்க்கைப் பார்ட்டிஷனாகப் பிரிக்கும் கட்டத்தில் இப்படிக் குருட்டாம்போக்கில் என்டர் அடிப்பதை யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன்.

அதனால் டிஸ்ட்ரோவை, அதாவது லினக்ஸ் வகையைத் தேர்வு செய்யும்போது முதலில் பார்க்க வேண்டியது அதன் இன்ஸ்டாலரை. டெபியன் 12 என்ற டிஸ்ட்ரோவின் நெட் இன்ஸ்ட் இமேஜில் (மற்றதை நெட்டில் இருந்து இறக்கிக்கொள்ளும் சிறிய நிறுவல் கோப்பு) 'கிராஃபிக்கல் இன்ஸ்டால்' என்பதை விட்டுவிட்டு, அதற்குக் கீழே இருக்கும் வெறும் 'இன்ஸ்டால்' எடுங்கள். நீலத் திரையில் எழுத்து வடிவில் வரும். எவ்வளவு சின்னத் திரையானாலும் ஒன்றும் மறையாது. மென்பொருள் தேர்வுப் பட்டியல் வரும்போது ஸ்பேஸ் கீயால் க்னோம் என்ற கனமான டெஸ்க்டாப்பையும் 'டெபியன் டெஸ்க்டாப்' என்பதையும் எடுத்துவிட்டு எல்எக்ஸ்டிஇ என்ற இலேசான டெஸ்க்டாப்புக்கு மட்டும் குறி வையுங்கள். க்னோமை அப்படியே விட்டால் 1 ஜிபி ராம் லாகின் திரையிலேயே மூச்சு வாங்கும். அரசு இலவச லேப்டாப்பில் பாஸ் லினக்ஸைப் பார்த்தவர்களுக்கு இதெல்லாம் அந்நியமாக இருக்காது. மத்திய அரசு நிறுவனமான சி-டாக் தயாரித்த அதுவும் டெபியன் வழி வந்ததுதான்.

ஏன் 13 இல்லாமல் 12? நெட்புக்குகளில் இருக்கும் இன்டெல் ஆட்டம் பிராசசர்களில் என்270, என்280 இரண்டும் 32 பிட் மட்டுமே. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-ல் 32 பிட் பிசிக்கு இன்ஸ்டாலரும் கிடையாது, கெர்னலும் (லினக்ஸின் மையப் பகுதி) கிடையாது. என்450, என்455, என்570 என்றால் 64 பிட் ஓடும், 13-ஐயே போடலாம். என்2600, என்2800 இருந்தால் ஆசையை விட்டுவிடுங்கள்: அதன் கிராஃபிக்ஸுக்கு லினக்ஸில் 3டி டிரைவர் இல்லை.

வைஃபை சிப் பிராட்காம் 4312 ஆக இருந்தால் அதற்கான ஃபர்ம்வேர் (சிப்பை இயக்கும் மென்பொருள்) இமேஜுக்குள் வராது; விநியோகிக்க உரிமம் இல்லை. நெட்டில் இருந்துதான் இறக்க வேண்டும், ஆனால் நெட்டுக்கு வைஃபை வேண்டும். லேன் கேபிளைச் செருகி இன்ஸ்டால் செய்துவிட்டு, பிறகு 'ஃபர்ம்வேர்-பி43-இன்ஸ்டாலர்' தொகுப்பைப் போட்டால் தீர்ந்தது. ஏத்தராஸ் சிப் இருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. அப்டேட் செய்யும்போது ரிலீஸ் கோப்பு இன்னும் செல்லுபடியாகவில்லை என்று பிழை வந்தால் சர்வரைத் திட்ட வேண்டாம். மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பேட்டரி செத்து, கடிகாரம் பழைய வருஷத்துக்குப் போயிருக்கும்.

இனி அந்த 600. எல்எக்ஸ்டிஇ-யில் விண்டோக்களை நிர்வகிக்க ஓப்பன்பாக்ஸ் இருப்பதுதான் பெரிய நிம்மதி. ஆல்ட் கீயை அழுத்திக்கொண்டு விண்டோவின் எந்த இடத்தையும் மவுஸால் பிடித்து மேலே இழுக்கலாம். தலைப்புப் பட்டை திரைக்கு வெளியே போகும், ஒளிந்திருந்த பட்டன் உள்ளே வரும். அடுத்தது திரை அளவை மாற்றும் எக்ஸ்ரேண்டர் கட்டளை: எல்விடிஎஸ்-1 என்ற பெயரில் வரும் நெட்புக் திரைக்கு ஸ்கேல் 1.25-க்கு 1.25 என்று கொடுத்தால் 1280-க்கு 750 ஆகிவிடும். எழுத்து கொஞ்சம் மங்கும். சில இயந்திரங்களில் மவுஸ் அம்பு பழைய எல்லையைத் தாண்டாது. அதே கட்டளையில் பேனிங் 1280-க்கு 750 என்று சேர்த்தால் சரியாகும். எப்போதும் வைத்திருக்காமல், பெரிய டயலாக் வரும்போது மட்டும் போட ஒரு ஷார்ட்கட் வைத்துக்கொள்வது நல்லது. பேனலை (டாஸ்க்பார்) இடது ஓரத்துக்கு மாற்றி ஆட்டோ ஹைட் போடுங்கள். ஃபயர்ஃபாக்ஸில் 136-வது பதிப்பிலிருந்து செங்குத்து டேப் உண்டு. அதைச் சுருக்கி வைத்தால் மேலே ஒரு வரி உயரம் மிச்சம்.

தமிழில் படிப்பவர்களுக்கு இன்னொரு கோளாறு. மெனுக்களைத் தமிழில் வைத்தால் சொற்கள் நீண்டு, இரண்டாம் வரிக்கு மடிந்து, டயலாக் இன்னும் உயரமாகும். மேலே கொக்கி, கீழே சுழி என்று நம் எழுத்துக்கு வரி உயரமும் கூடுதல் வேண்டும். 'சரி' பட்டன் திரைக்குக் கீழே போய்விடும். எழுத்தளவைக் குறைக்கலாமே என்றால், 10.1 அங்குலத்தில் 1024-க்கு 600 என்பது அங்குலத்துக்கு 117 பிக்சலுக்கு மேல். ஏற்கெனவே பொடி எழுத்து. 8 பாயின்ட்டில் புள்ளி கரைந்து க-வும் க்-உம் ஒன்றாகிவிடும். இடைமுகத்தை ஆங்கிலத்தில் விட்டு, படிக்க லோஹித் அல்லது நோட்டோ எழுத்துரு, தமிழ்த் தட்டச்சுக்கு ஐபஸ்-எம்17என் மென்பொருள் போதும். அதில் தமிழ்99 விசைப்பலகை சரியாக வருகிறது, ஒரே மெய்யை இரண்டு முறை தட்டினால் புள்ளி உட்பட.

ராமுக்கு இருப்பது பெரும்பாலும் ஒரே ஸ்லாட், உச்சம் 2 ஜிபி. சென்னை ரிச்சி தெருவில் கேட்கும்போது டிடிஆர்2-வா 3-ஆ என்று பழைய ஸ்டிக்கையே கையில் கொண்டுபோய்க் காட்டுங்கள். இரண்டுக்கும் வெட்டு வேறு இடத்தில், மாற்றி வாங்கினால் பொருந்தாது. இசட்ராமை (ராமில் இருப்பதைச் சுருக்கி இடம் மிச்சப்படுத்துவது) 50 சதவீதம், சுருக்கும் முறை எல்இசட்4 என்று வையுங்கள். இன்னும் நன்றாகச் சுருக்கும் முறைகள் உண்டு, ஆட்டத்துக்கு அவ்வளவு தெம்பு இல்லை. யூடியூபை பிரவுசரில் பார்க்க நினைக்காதீர்கள். எம்பிவி பிளேயரில் 360பி ஓடும்.

வெறும் வேகம் என்றால் ஆன்டிஎக்ஸ் என்ற டிஸ்ட்ரோ இதைவிட இலேசு. ஆனால் அதன் மெனு நிறையக் கருவிகளை அடைத்துக்கொண்டு இந்த உயரத்துக்குள் அடங்க மறுக்கிறது. எனக்கு ஒத்துவரவில்லை.

எஸ்எஸ்டி, 2 ஜிபி, எல்எக்ஸ்டிஇ என்று அமைத்துவிட்டால் எழுதவும், சர்வருக்குள் நுழையவும், பிடிஎஃப் படிக்கவும் குறையே இல்லாத இயந்திரம். கையடக்கம், கீபோர்டு பிரமாதம். ஆனால் அந்த 600 மட்டும் மாறாது. அதனால் நண்பருக்கு என் பதில்: வேண்டாம். கையில் இருப்பதை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள். நெட்புக்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால், ஏஎம்டி சி-50 அல்லது சி-60 உள்ள 11.6 அங்குலத்தைத் தேடுங்கள்: 64 பிட், 1366-க்கு 768, கிராஃபிக்ஸுக்கு ஒழுங்கான டிரைவர். அதே அளவில் ஆட்டம் இசட்520 போட்டதும் செகண்ட் ஹேண்டில் வரும். திரை உயரத்தைப் பார்த்து மயங்கி வாங்காதீர்கள், அதன் ஜிஎம்ஏ 500 கிராஃபிக்ஸ் லினக்ஸில் இழுத்தடிக்கும்.