பின்கண்ணாடியைக் கழற்ற ஹேர் டிரையரா, ஹீட் பிளேட்டா, ப்ளோயரா?

போன் வாங்கி மூன்று வருடம் ஆனால் பேட்டரி மத்தியானத்துக்கே தீர்ந்துபோகிறது. புதுப் பேட்டரி ஆன்லைனில் கிடைக்கிறது. காட்பாடியில் ரயிலேறிச் சென்னை ரிச்சி தெருவுக்குப் போனாலும் கிடைக்கும். சின்ன ஸ்க்ரூடிரைவர் செட்டும் சல்லிசுதான். ஆனால் போனுக்குள்ளே போக வழி எங்கே? பெரும்பாலான போன்களில் வெளியில் ஸ்க்ரூ தெரியாது. பின்பக்கம் முழுக்கக் கண்ணாடி, அதன் ஓரம் சுற்றிலும் பசை. 2015-இல் சாம்சங் கேலக்ஸி எஸ்6 இப்படி வந்தது. 2017-இல் ஐபோன் 8-உம் கண்ணாடி முதுகுக்குத் திரும்பியது. உலோக மூடி வழியாக வயர்லெஸ் சார்ஜிங் வேலை செய்யாது என்பது ஒரு காரணம்.

இந்தப் பசையை இளக்க நான்கு வழிகள் புழக்கத்தில் உண்டு: ஹேர் டிரையர், கடைகளில் இருக்கும் ஹீட் பிளேட், சூடான காற்றைப் பீய்ச்சும் ப்ளோயர் அல்லது ஹீட் கன், சூடே இல்லாமல் ஐசோப்ரொபைல் ஆல்கஹால். என் போன், அக்கா போன், அண்ணன் மகனுடைய போன் எல்லாவற்றுக்கும் நான் கைக்கொண்டது ஹேர் டிரையரும் ஆல்கஹாலும் சேர்ந்த வழி. அதனால் இந்த அலசல் அந்தப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

தெரிந்த விஷயங்களைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். வாரன்டி இருக்கிற போனை வீட்டில் திறக்க வேண்டாம். திறந்து மூடிய போனுக்குத் தண்ணீர் தாங்கும் தன்மை பழையபடி இருக்கும் என்று நம்ப வேண்டாம். உங்கள் மாடல் எந்தப் பக்கமிருந்து திறக்கும் என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். ஐபோன் 8 முதல் 13 வரை டிஸ்ப்ளே பக்கமாகத்தான் உள்ளே போக வேண்டும். அவற்றின் பின்கண்ணாடி சட்டத்தோடு இறுகி ஒட்டியிருக்கும். அது உடைந்தால் லேசர் மெஷின் வைத்திருக்கும் கடைதான் வழி, வீட்டு வேலை இல்லை. 2022-இல் வந்த ஐபோன் 14-இல் பின்கண்ணாடி தனியாகக் கழலும்படி மாற்றினார்கள், 14 ப்ரோவில் மாற்றவில்லை. ஆண்ட்ராய்டு போன்களில் பெரும்பாலானவை பின்பக்கமாகத் திறப்பவை. நான் பேசுவது அவற்றைப் பற்றி.

விலை, நேரம், வசதி என்று நிறைய ஒப்பிடலாம். எனக்கு முடிவைத் தீர்மானித்தது ஒன்றே ஒன்று: சூடு எங்கே போய்ச் சேருகிறது என்பது. ஓரத்தில் இருக்கும் பசை நன்றாக இளக ஏறத்தாழ 60 முதல் 80 டிகிரி செல்சியஸ் வேண்டும். கண்ணாடிக்கு நேர் கீழே, நடுவில் படுத்திருக்கும் லித்தியம் அயான் பேட்டரியை 60 டிகிரிக்கு மேல் கொண்டுபோகக் கூடாது. சார்ஜ் ஏறும்போது என்றால் 45-தான் எல்லை. அதாவது பசை கேட்கும் சூடும் பேட்டரி தாங்கும் சூடும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்கின்றன. ஓரிரு மில்லிமீட்டர் அகலப் பசைப்பட்டைக்கு மட்டும் சூட்டைக் கொடுத்து, பக்கத்தில் இருக்கும் பேட்டரிக்குக் கொடுக்காமல் இருப்பதுதான் இந்த வேலையின் முழுச் சாமர்த்தியமும்.

ப்ளோயரை இந்தக் கோணத்தில் பாருங்கள். ரிப்பேர் மேஜையில் இருக்கும் ப்ளோயர் 100 முதல் 480 டிகிரி வரை போகும். அது போர்டில் பற்றவைத்த ஐசியை, அதாவது சில்லைக் கழற்றுவதற்காகச் செய்தது. பெயின்ட் உரிக்கிற ஹீட் கன் அதற்கும் மேலே போகும். கண்ணாடி சூட்டைச் சரியாகக் கடத்தாத பொருள். ஒரே இடத்தில் 300 டிகிரிக் காற்று பட்டால் அந்த இடம் மட்டும் விரியும், பக்கத்து இடம் விரியாது, விரிசல் விழும். விரிசல் விழாவிட்டாலும் கண்ணாடிக்கு உள்பக்கம் இருக்கும் வண்ணப் படலம் கொப்பளிக்கும், கேமரா வளையத்துப் பிளாஸ்டிக் நெளியும். என் மாமா மகன் போனை ஒரு கடையில் கொடுத்தபோது நடந்தது இதுதான். பேட்டரி மாற்றப் போன போன், பின்கண்ணாடி இரண்டாகி வந்தது. கை பழகியவர்கள் ப்ளோயரை ஆட்டிக்கொண்டே இருந்து அழகாகக் கழற்றுவதையும் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்தப் பழக்கம் நூறு போன் திறந்தவர்களுக்கு வருவது. முதல் போனைத் திறப்பவருக்கு ப்ளோயர் வேண்டாம் என்பேன்.

ஹீட் பிளேட் இதற்கு நேர்மாறு. 70 அல்லது 80 டிகிரி என்று வைத்தால் ஏறத்தாழ அங்கேயே நிற்கும், கண்ணாடி சமமாகச் சூடேறும், விரிசல் பயம் மிகக் குறைவு. கடைக்காரர்கள் அதை விரும்புவதற்குக் காரணம் இருக்கிறது. நண்பர் கடையில் நான் டிரையர் பிடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்த மாஸ்டர், "இன்னா சார், இத்த புடிச்சிக்கினு எவ்ளோ நேரம் நிப்பீங்க, பிளேட்ல வெச்சா அஞ்சு நிமிஷம்" என்றார். அவர் சொன்னது சரிதான், அவருக்கு. ஒரு நாளில் பத்துப் போன் திறப்பவர் பிளேட் பக்கத்திலேயே நிற்பார், எப்போது எடுக்க வேண்டும் என்று கை சொல்லும்.

வீட்டுக்கு அது ஏன் வேண்டாம் என்றால், பிளேட் ஓரத்தை மட்டும் சுடாது. போனின் முதுகு முழுவதும் அதன்மேல் படுக்கிறது, பேட்டரியும் சேர்ந்துதான் படுக்கிறது. ஐந்து நிமிடம் பத்து நிமிடமானால் பேட்டரியும் பிளேட்டின் சூட்டை நோக்கிப் போய்விடும். வாசலில் யாரோ கூப்பிட்டார்கள் என்று எழுந்துபோகும் நேரம் போதும். பிளேட்டில் நான் வேலை செய்தது கொஞ்சம்தான், அதுவும் நண்பர் கடையில் அவர் கண்காணிப்பில். அதனால் அதைக் குறை சொல்வதில் எனக்கு ஒரு அளவு உண்டு. டிஸ்ப்ளே கழற்றுகிற வேலைக்கு அது டிரையரைவிட நல்லது என்றே தோன்றுகிறது. ஆனால் வருடத்துக்கு ஒரு போன் திறப்பவர் ஆயிரக்கணக்கில் செலவழித்து அதை வாங்குவதில் அர்த்தமில்லை.

இங்கே வேலூர் வெயிலையும் கணக்கில் சேர்க்க வேண்டும். இதை யாரும் சொல்வதில்லை என்பதால் அழுத்திச் சொல்கிறேன். வீடியோக்களில் "இத்தனை நிமிடம் சூடு காட்டுங்கள்" என்கிறார்கள். அதில் பாதி குளிர்நாட்டில், 20 டிகிரி அறையில் எடுத்தது. அந்த போன் 20-இலிருந்து 60-க்கு ஏற வேண்டும். கத்திரி வெயிலில் சத்துவாச்சாரியில் மாடி வீட்டு அறைக்குள் மத்தியானம் 38 டிகிரி சாதாரணம். மேஜைமேல் சும்மா கிடக்கும் போனே அந்தச் சூட்டில்தான் இருக்கும். அது 60-ஐத் தொட இன்னும் 22 டிகிரிதான். அதே நிமிடக் கணக்கை இங்கே போட்டால் பேட்டரி எல்லையைத் தாண்டிவிடும். இறங்குவதும் அப்படியே: ஒரு பக்கம் சூடாக்கிய பிறகு அடுத்த பக்கத்துக்குப் போகுமுன் போன் ஆற மார்கழியில் ஆகும் நேரத்தைவிட மே மாதத்தில் அதிக நேரம் ஆகும். அதனால் கோடையில் இந்த வேலையை விடியற்காலையில் வைத்துக்கொள்கிறேன். ஃபேனை நிறுத்திவிடுகிறேன், ஃபேன் காற்று ஒரு ஓரத்தைக் குளிர்த்து இன்னொரு ஓரத்தை விட்டுவிடும், பசை சீராக இளகாது. வியர்க்கும், ஒரு துண்டைத் தோளில் போட்டுக்கொண்டால் போயிற்று.

ஹேர் டிரையர் இந்த இடத்தில்தான் ஜெயிக்கிறது. அது மெதுவானது, அந்த மெதுவே நமக்கு வேண்டியது. காற்றை ஒரு ஓரத்துக்கு மட்டும் காட்டலாம். போனைக் கையில் பிடித்திருப்பதால் நடுப்பகுதி சூடேறுவது உள்ளங்கைக்கே தெரியும். அதிகம் சூடானால் பெரும்பாலான டிரையர்கள் தானாகவே நின்றுவிடும். வீட்டிலேயே இருக்கிற சாமான், இல்லாவிட்டாலும் சில நூறு ரூபாயில் வாங்கலாம்.

அளந்து செய்ய நினைப்பவர்கள் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் வைத்துக்கொள்ளலாம். கொரோனா காலத்தில் நெற்றியில் காட்டிய வகை உதவாது, அது உடம்புச் சூட்டின் எல்லைக்குள்தான் அளக்கும். தொழிற்சாலை வகை வேண்டும். அதுகூடப் பளபளப்பான உலோகச் சட்டத்தில் தப்பாகக் காட்டும். சட்டத்தின்மேல் சின்னதாக மாஸ்கிங் டேப் ஒட்டி அதன்மேல் அளந்தால் நம்பலாம். தெர்மாமீட்டர் இல்லையென்றால் விரல்தான். ஓரத்தில் சில நொடிக்கு மேல் விரல் வைக்க முடியாத சூடு வந்தால் போதும், அதற்கு மேல் ஏற்ற வேண்டாம். நடுவில் விரல் தாராளமாக நிற்க வேண்டும்.

இனி ஆல்கஹால். மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் சானிடைசர் இல்லை. அதில் தண்ணீரும் கிளிசரினும் இருக்கும். மின்னணுப் பொருள் விற்கும் இடத்தில் 99 சதவீத ஐசோப்ரொபைல் ஆல்கஹால் என்றே கேட்டு வாங்க வேண்டும். பசையின் பிடியை அது தளர்த்தும், மிச்சம் வைக்காமல் ஆவியாகிவிடும். பேட்டரிக்குச் சூடே இல்லை. அப்படியென்றால் அது மட்டும் போதாதா? போதாது, ஏனென்றால் மூடியிருக்கும் ஓரத்தில் அது உள்ளே போக வழியில்லை. முதல் இடுக்கு வந்த பிறகுதான் அதற்கு வேலை. எல்சிடி டிஸ்ப்ளே உள்ள போனில் தாராளமாக ஊற்றினால் பின்விளக்கு அடுக்குக்குள் புகுந்து திட்டுத் திட்டாகக் கறை தெரியும். சிரிஞ்சில் எடுத்துச் சொட்டுச் சொட்டாக, வேலை நடக்கும் ஓரம் கீழே இருக்கும்படி போனைச் சாய்த்து விட வேண்டும்.

ஆகவே என் வழி இரண்டையும் சேர்த்தது, ஆனால் ஒரே நேரத்தில் இல்லை. ஐசோப்ரொபைல் ஆவி சுலபமாகத் தீப்பிடிக்கும், டிரையருக்குள்ளே கம்பி சிவக்கச் சூடாகிறது. டிரையரை நிறுத்தி, பிளக்கைப் பிடுங்கி, தள்ளி வைத்து, போன் சற்று ஆறிய பிறகுதான் சிரிஞ்சை எடுக்கிறேன். இந்த வரிசையை மாற்றவே கூடாது.

முதலில் பேட்டரியை 25 சதவீதத்துக்குக் கீழே இறக்குகிறேன். தவறிக் குத்திவிட்டாலும் உள்ளே இருக்கும் சக்தி குறைவாக இருக்கட்டும் என்பதற்காக. போனை அணைத்து, சிம் தட்டை எடுத்துவிட்டு, கேமரா இல்லாத கீழ் ஓரத்தில் தொடங்குகிறேன். டிரையரை ஆட்டிக்கொண்டே ஒன்றிரண்டு நிமிடம். அப்புறம் சக்‌ஷன் கப்பை ஓரத்துக்கு மிக அருகில் ஒட்டி, வெடுக்கென்று இழுக்காமல், ஒரே சீராக இழுத்துப் பிடிக்கிறேன். கண்ணாடியில் ஏற்கெனவே விரிசல் இருந்தால் அகலமான டேப்பை மேலே ஒட்டினால்தான் கப் பிடிக்கும். தாள் நுழையும் அளவு இடுக்கு வந்ததும் பழைய எக்ஸ்ரே ஃபிலிம் துண்டை நுழைக்கிறேன். அது கால் மில்லிமீட்டர்கூடத் தடிமன் இல்லை, ஆனால் மடங்காது, கண்ணாடியைக் கீறாது. சி.எம்.சி. ஆஸ்பத்திரி இருக்கும் ஊரில் பழைய எக்ஸ்ரே கிடைப்பது கஷ்டமில்லை. இரும்புத் தகடு மட்டும் வேண்டவே வேண்டாம்.

அங்கே ஆல்கஹால் இரண்டு சொட்டு, ஒரு நிமிடம் பொறுமை, பிறகு ஃபிலிமை ஓரத்தோடு நகர்த்துதல். சில மில்லிமீட்டருக்கு மேல் ஆழமாக விடக் கூடாது. பட்டன்கள் இருக்கும் பக்கத்தில் மெல்லிய ஃப்ளெக்ஸ், அதாவது பட்டையான கேபிள் ஓடும். பின்பக்கம் விரல்ரேகை சென்சார் உள்ள மாடல்களில் அதன் ஃப்ளெக்ஸ் மூடியோடேயே ஒட்டியிருக்கும். கழன்றதும் சட்டென்று தூக்கினால் அறுந்துபோகும். திறந்த பக்கத்தில் ஒரு ஃபிலிம் துண்டைச் செருகியே வைத்தால் பசை மறுபடி ஒட்டாது. இப்படிச் செய்தால் டிரையருக்கு வேலை முதல் ஓரத்தில் மட்டும்தான், மற்ற மூன்று பக்கத்தையும் பெரும்பாலும் ஆல்கஹாலே பார்த்துக்கொள்கிறது. பேட்டரிக்குப் போகும் மொத்தச் சூடு அப்படித்தான் குறைகிறது.

பேட்டரி உப்பி மூடியைத் தள்ளிக்கொண்டிருந்தால் மட்டும் நான் சொன்னது எதுவும் பொருந்தாது. சூடும் வேண்டாம், கப்பும் வேண்டாம், சார்ஜும் போட வேண்டாம். அதைப் பழகிய கடையில் கொடுத்துவிடுங்கள். மடக்கும் போன்களை நான் திறந்ததில்லை, அவற்றுக்கும் இந்த வழியைச் சொல்ல மாட்டேன்.

மூடும்போது பழைய பசையை ஆல்கஹால் தொட்ட துணியால் சுத்தமாக எடுத்துவிட்டு, அந்த மாடலுக்கென்றே வெட்டிய ஸ்டிக்கர் கிடைத்தால் அதை ஒட்டுகிறேன். கிடைக்காவிட்டால் பி-7000 பசை. அடுத்த முறை அதுவும் சூட்டுக்கு இளகும். ஃபெவிகுவிக் மாதிரி உடனே ஒட்டும் பசைகள் வேண்டாம். அவற்றின் ஆவி கேமரா லென்ஸில் வெள்ளையாகப் படியும், அடுத்த முறை மூடியும் உடையாமல் வராது. மூடிய பிறகு நான்கைந்து ரப்பர் பேண்டைச் சுற்றி ஒரு நாள் வைத்துவிடுங்கள், அதுவரை சார்ஜ் போட வேண்டாம். கழற்றிய பேட்டரியைக் குப்பையில் போடாமல், முனைகளில் டேப் ஒட்டி, மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள்.