அலாஸ்கா நெடுஞ்சாலைக்கு மோட்டார்ஹோமா, ரெயிலரா?

யாழ்ப்பாணத்திலிருந்து போய், கனடாச் சொந்தங்களோடு, அந்த நெடுஞ்சாலை தொடங்கும் டோசன் கிரீக்கிலிருந்து வடக்கே போக நினைக்கிறவர்களுக்கு இது. மோட்டார்ஹோம் என்பது வீடும் இயந்திரமும் ஒன்றான வாகனம், ரெயிலர் என்பது பிக்கப் வாகனத்தின் பின்னால் கொழுவி இழுக்கும் சக்கர வீடு.

ஓட்டம்
மோட்டார்ஹோம்: இங்கே இடப்பக்கம் ஓட்டிப் பழகியவருக்கு வலப்பக்கம் மாறுவதொன்றுதான் பாடு.
ரெயிலர்: பின்னுக்கு எடுக்கையில் ஸ்ரியறிங்கை வலப்பக்கம் வெட்டினால் ரெயிலர் இடப்பக்கம் போகும். பழக்கமில்லாதவர் தொடவே வேண்டாம்.

இருக்கை
மோட்டார்ஹோம்: ஆறு பேர் படுக்கலாம் என்பது ஆறு பேர் பயணிக்கலாம் என்றாகாது, சீற் பெல்ற்றுகளை எண்ணுங்கள்.
ரெயிலர்: ஓடும்போது உள்ளே ஒருவரும் இருக்கக்கூடாது. எல்லாரும் பிக்கப்பில்தான்.

ரோட்டு
வழியிலுள்ள டிஸ்ட்ரக்ஷன் பே என்ற ஊரிலிருந்து பீவர் கிரீக் வரை நிலத்தடி உறைபனி உருகி ரோட்டு அலையலையாய் மேடுபள்ளமாகியிருக்கும். மோட்டார்ஹோமில் அலுமாரிக் கதவுகள் திறந்து சாமான் கொட்டும். ரெயிலரில் அடி முழுவதும் கொக்கியிலும் அச்சிலும் விழும். வேகத்தைப் பாதியாக்கி, நிற்கும் இடமெல்லாம் சக்கர நட்டையும் ரயர் காற்றையும் பாருங்கள்.

எரிபொருள்
இரண்டும் 100 கி.மீ.க்கு 20 லீற்றருக்கு மேல் குடிக்கும். ரெயிலரை முகாமில் கழற்றிவிட்டால் பிக்கப் மட்டும் குறைவாகக் குடிக்கும். எதுவானாலும் தாங்கி பாதியானதுமே நிரப்புங்கள்.

பழுது
மோட்டார்ஹோம் இயந்திரம் நின்றால் வீடும் கராஜுக்குப் போய்விடும். ரெயிலரென்றால் படுக்கை மிஞ்சும்.

கருவாடு பொரிக்கும் ஆசையை மட்டும் இரண்டிலும் விடுங்கள். மணத்துக்குக் கரடி வரும்.

நாளுக்கொரு இடமென்று ஓடுகிறவர்களுக்கு மோட்டார்ஹோம். வழியிலுள்ள வைற்ஹோர்ஸ் நகரில் நாலைந்து நாள் தங்கிச் சுற்றுவதென்றால், இழுத்துப் பழகிய ஒருவர் கூட இருந்தால் மட்டும், ரெயிலர்.