ஃப்ரைபுர்க் ராணுவ ஆவணக் காப்பகம்: ஜெனரலின் பெயர் மட்டும் போதாது

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் காலாட்படை ஜெனரலாக இருந்த ஒருவரின் பணிக்காலத்தைத் தேடினால், கடைசியில் வந்து சேர வேண்டிய இடம் ஜெர்மன் கூட்டாட்சி ஆவணக் காப்பகத்தின் ஃப்ரைபுர்க் பிரிவு. நல்ல சேவைதான். ஆனால் அதன் இணையத் தேடல் தளமான இன்வேனியோவில் ஜெனரலின் பெயரை மட்டும் தட்டினால் கிடைப்பது சொற்பம். போர்க்களக் கோப்புகள் படைப்பிரிவு எண்ணின்படி அடுக்கப்பட்டிருப்பதே காரணம்.

கோட்ஹார்ட் ஹைன்ரிட்சியை எடுத்துக்கொள்வோம். போர் தொடங்கியபோது 16-ஆம் காலாட்படை டிவிஷனின் தளபதி. 1940-இல் 43-ஆம் கோர் (பல டிவிஷன்கள் சேர்ந்தது), 1942 ஜனவரியில் 4-ஆம் ஆர்மி (பல கோர்கள் சேர்ந்தது), 1944-இல் 1-ஆம் பான்சர் (டாங்கி) ஆர்மி, 1945 மார்ச்சில் விஸ்டுலா ஆர்மி குரூப் (பல ஆர்மிகள் சேர்ந்தது). இந்தப் பட்டியலைத் தேதியோடு தயார் செய்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. காப்பகத்தில் ஒவ்வொரு படை வகைக்கும் ஒரு கோப்பு வரிசைக் குறியீடு உண்டு: காலாட்படை டிவிஷன்கள் ஆர்.எச். 26, கோர்கள் ஆர்.எச். 24, ஆர்மிகள் ஆர்.எச். 20, பான்சர் ஆர்மிகள் ஆர்.எச். 21, ஆர்மி குரூப்கள் ஆர்.எச். 19. ஆக, 43-ஆம் கோருக்குக் கேட்க வேண்டியது ஆர்.எச். 24-43.

எண்ணை மட்டும் நம்பினால் இடறும். 16-ஆம் டிவிஷன் 1940-இலேயே இரண்டாகப் பிரிந்தது. ஒன்று பான்சர் டிவிஷன், மற்றது மோட்டார் வாகன டிவிஷன், இரண்டுக்கும் அதே 16. தேதியைப் பார்க்காமல் கேட்டால், ஹைன்ரிட்சி விலகிய பிறகான கோப்பு மேசைக்கு வந்துவிடும்.

அதிகாரிகளின் பணிப்பதிவுகள் பெர்ஸ் 6 வரிசையில் உள்ளன. நியமனம், பதவி உயர்வு, மேலதிகாரியின் மதிப்பீடு எல்லாம் அங்கேதான், கிடைத்தவரை. முதல் உலகப் போர்க்காலத்தைப் பற்றி அதிகம் எதிர்பார்க்க வேண்டாம்; 1945 ஏப்ரலில் பாட்ஸ்டாம் மீது நடந்த குண்டுவீச்சில் அங்கிருந்த ராணுவக் காப்பகம் எரிந்து, பிரஷ்யப் படையின் ஆவணங்களில் பெரும்பகுதி போய்விட்டது.

பணிப்பதிவோடு நிறுத்திக்கொள்பவர்களே அதிகம். அதில் தேதிகள் தெரியும், நடத்தை தெரியாது. அதற்குப் படைப்பிரிவின் தலைமையகம் அன்றாடம் எழுதிவந்த போர் நாட்குறிப்பு வேண்டும். அதிலும் நாட்குறிப்பை மட்டும் வாங்கிவிட்டு இணைப்புகளை விட்டுவிடக் கூடாது. முழு உத்தரவுகளும் வரைபடங்களும் இணைப்புகளில்தான் இருக்கும். தலைமையகத்தில் நடவடிக்கைப் பிரிவுக்கு 'ஐ-ஏ', வழங்கல் பிரிவுக்கு 'ஐ-பி', உளவுப் பிரிவுக்கு 'ஐ-சி' என்று குறியீடு. கிழக்கு முனையில் பணியாற்றிய ஜெனரல் என்றால் ஐ-சி செயல் அறிக்கைகளைத் தவறாமல் கேளுங்கள். சோவியத் அரசியல் ஆணையர்களைச் சுட்டுக் கொல்லச் சொன்ன 1941 ஜூன் 6 உத்தரவு எப்படி நிறைவேறியது என்பதை அந்த அறிக்கைகளில்தான் எண்ணிக்கையோடு எழுதி வைத்தார்கள். 'அந்த உத்தரவு எங்கள் பகுதியில் நடைமுறைக்கு வரவே இல்லை' என்று போருக்குப் பிறகு சொன்னவர்களை அவர்களுடைய சொந்தக் காகிதமே மாட்டிவிடுகிறது.

தனிநபர் தாள்கள் 'என்' வரிசை. ஹைன்ரிட்சியுடையது என் 265. இந்த வரிசையில் கையால் எழுதியவை நிறைய. பழைய ஜெர்மன் கையெழுத்து வாசிக்கப் பழகாதவருக்கு ஒரு பக்கத்திற்கே அரை நாள் போகும். தட்டச்சான நாட்குறிப்பில் இந்தத் தொல்லை குறைவு.

நேரில் போக முடியாதவர்களுக்கு அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தின் மைக்ரோஃபிலிம் உண்டு. கைப்பற்றிய கோப்புகளை மேற்கு ஜெர்மனிக்குத் திருப்பித் தருமுன் அமெரிக்கர்கள் படமெடுத்து வைத்தவை அவை: டிவிஷனுக்கு டி-315, கோருக்கு டி-314, ஆர்மிக்கு டி-312, ஆர்மி குரூப்புக்கு டி-311. எழுத்துக்கு இது போதும், வரைபடத்துக்கு உதவாது. சொந்தப் படை நீலம், எதிரி சிவப்பு என்று வரைந்த வரைபடம் கருப்பு-வெள்ளைச் சுருளில் ஒரே சாம்பல் நிறம். எந்தக் கோடு யாருடையது என்றே புரியாது. அதற்கு ஃப்ரைபுர்க் மூலத்தைத்தான் பார்க்க வேண்டும், அல்லது இன்வேனியோவில் ஏற்றப்பட்டிருந்தால் இலவசமாகத் திரையிலேயே பார்க்கலாம். எல்லாம் ஏற்றப்படவில்லை.

1944 கோடைக்குப் பிறகு கோப்புகள் மெலிந்துகொண்டே போகும், குறிப்பாக டிவிஷன் அளவில். அந்த இடைவெளியை, பிடிபட்ட ஜெனரல்கள் அமெரிக்க ராணுவத்துக்காக எழுதித் தந்த அறிக்கைகளால் ஓரளவு நிரப்பலாம். ஆனால் அவை பெரும்பாலும் நினைவிலிருந்து எழுதியவை, தன் பக்க நியாயம் தூக்கலாகவே இருக்கும்.

ஒருவர் இறந்து 10 ஆண்டுகள் கழிந்தால் அவரைப் பற்றிய கோப்பு பொதுவாகத் திறந்துவிடும். இந்தத் தலைமுறை ஜெனரல்கள் விஷயத்தில் அது தடையே இல்லை. சாதாரணச் சிப்பாயைத் தேடுவோர் ஃப்ரைபுர்க்குக்கு எழுத வேண்டாம். அந்தப் பதிவுகளை வைத்திருந்த பெர்லின் அலுவலகம் 2019 முதல் இதே காப்பகத்தின் தனிப் பிரிவு. விண்ணப்பம் போக வேண்டியது அங்கே.