நான்கு சாக்ஸபோனுக்கு ஷோஸ்டகோவிச்சா, ஷுல்ஹாஃபா?

ஒடுக்குமுறைக்கு ஆளான இசையமைப்பாளர்கள் என்று ஒரு சாக்ஸபோன் நால்வர் குழு கச்சேரி வைத்தால், சோவியத் இசையமைப்பாளர் ஷோஸ்டகோவிச்சின் எட்டாவது குவார்ட்டெட் (நால்வர் வாசிக்கும் இசை) பட்டியலில் முதலில் வந்து உட்கார்ந்துவிடும். இன்னொரு வாய்ப்பு செக் இசையமைப்பாளர் எர்வின் ஷுல்ஹாஃப் 1923-ல் எழுதிய ஐந்து துண்டுகள். இரண்டுமே வயலின் குடும்பத்துக்காகப் பிறந்தவை. என் ஓட்டு ஷுல்ஹாஃபுக்கு.

எட்டாவதின் பின்கதை கனமானது. 1936-லும் 1948-லும் அரசின் கண்டனத்துக்கு ஆளான ஷோஸ்டகோவிச், 1960-ல் கம்யூனிஸ்ட் கட்சியில் சேர நெருக்கப்பட்ட நேரத்தில் டிரெஸ்டன் அருகே மூன்றே நாளில் எழுதியது. தன் பெயரெழுத்துகளை ஜெர்மன் சுரப்பெயர் முறைப்படி டி, இ ஃப்ளாட், சி, பி என்ற நான்கு சுரங்களாக்கி, ஐந்து பகுதிகளிலும் இழையோட விட்டார். சாக்ஸபோனில் இரண்டாம் பகுதி பிரமாதம். தன் பியானோ டிரியோவிலிருந்து (மூவர் வாசிக்கும் இசை) எடுத்த யூத மெட்டு கதறிக்கொண்டே வரும். சிக்கல் மெதுவான இடங்களில்தான். நான்காம் பகுதியில் ஒற்றைச் சுரம் நீண்டு நிற்க, கதவைத் தட்டுவதுபோல மூன்று அடி விழும். வில்லுக்கு மூச்சு வேண்டாம், வாசிப்பவருக்கு வேண்டுமே! வட்டமூச்சு (ஊதிக்கொண்டே மூக்கால் மூச்சிழுப்பது) தெரியாதவர் நடுவில் மூச்சிழுத்தால் அந்த இறுக்கம் போச்சு.

தாழ்வெல்லையில் குறையில்லை. கீழ் ஏ சுரத்துக்கான லோ-ஏ சாவி உள்ள பாரிட்டோன் (குழுவின் தாழ்குரல் சாக்ஸபோன்), செல்லோவின் அடி சி வரை அப்படியே இறங்கும். மேலே வயலின் ஏறும் உயரத்தைத்தான் குழுவின் உச்சக்குரல் சாக்ஸபோனான சொப்ரானோவால் எளிதில் எட்ட முடியாது.

ஷுல்ஹாஃபின் ஐந்தும் நடனச் சாயல் கொண்டவை. மூன்றடியில் வரவேண்டிய வால்ட்ஸை இரட்டைத் தாளத்தில் எழுதிக் கிண்டல் செய்கிறார். நான்காவதான டாங்கோவை ஆல்டோ சாக்ஸபோன் வாசித்தால் அதற்காகவே எழுதியதோ என்று தோன்றும். ஆச்சரியமில்லை, 1930-லேயே ஆல்டோவுக்கென்று ‘ஹாட் சொனாட்டா’ எழுதியவர் அவர். கடைசியாக வரும் டாரன்டெல்லா என்ற வேகமான இத்தாலிய நடனத்தில் மட்டும் நாக்கு திணறும்.

இன்னொன்று. நாஜிகள் 1938-ல் டுஸல்டார்ஃபில் நடத்திய ‘சீரழிந்த இசை’ கண்காட்சியின் சுவரொட்டியில் சாக்ஸபோன் வாசிக்கும் கறுப்பினக் கலைஞரைக் கேலிச்சித்திரமாக வரைந்து, சட்டையில் யூத நட்சத்திரம் குத்தியிருந்தார்கள். யூதரும் கம்யூனிஸ்டுமான ஷுல்ஹாஃப் 1942-ல் பவேரியாவின் வூல்ஸ்பர்க் சிறைமுகாமில் காசநோயால் இறந்தார். அவர் இசையைச் சாக்ஸபோனில் வாசிக்கத் தனியாகக் காரணம் தேட வேண்டியதில்லை.

இரண்டும் வேண்டுமென்றால் சரி, ஷுல்ஹாஃபை இடைவேளைக்கு முன் வையுங்கள். எட்டாவது முடிந்தபின் டாங்கோ கேட்க யாருக்கும் மனம் வராது.