ஏ, பி என்று பிரிப்பதா, கலந்து இருத்துவதா?

தரம் 10இல் இரண்டு பிரிவு உள்ள பாடசாலையில் வருடத் தொடக்கத்தில் மூன்று யோசனைகள் வரும்: சராசரிப் புள்ளிப்படி ஏ, பி என்று பிரிப்பது, கணிதத்துக்கும் ஆங்கிலத்துக்கும் மட்டும் பிரிப்பது, எல்லாரையும் கலந்து இருத்தி வகுப்புக்குள்ளே குழு போடுவது.

முதலாவது நேரசூசி போடுகிறவருக்குச் சுகம். ஆனால் சராசரியே கோணல் அளவுகோல். ஒரு பிள்ளைக்குக் கணிதம் 81, விஞ்ஞானம் 70, தமிழ் 52, வரலாறு 39, ஆங்கிலம் 28, சராசரி 54. இன்னொன்றுக்கு 45, 50, 58, 60, 62, சராசரி 55. வெட்டுப்புள்ளி 55 என்றால் கணிதத்தில் 81 எடுத்தது ‘பி’க்குப் போய்விடும். அனுபவமுள்ள ஆசிரியர் ‘ஏ’க்குப் போவார். ‘பி’க்குப் புதிய நியமனம்; அவரும் இடமாற்றம் கிடைத்துப் போனால் பாடவேளை வெறுமை. மாணவ தலைவர்களையும் ‘ஏ’யிலிருந்தே எடுப்பார்கள். ‘நாங்கள் மொக்கு வகுப்புத்தானே’ என்று பிள்ளைகளே சொல்லத் தொடங்கிய பிறகு வீட்டுவேலைக் கொப்பி வராது.

1990இல் அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் ரொபேர்ட் ஸ்லாவின் இடைநிலை வகுப்புகள் பற்றிய 29 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்; பிரித்ததால் பெறுபேறு கூடியது ஏறக்குறையப் பூச்சியம். கென்யாவின் 121 பாடசாலைகளில் நடந்து 2011இல் வெளிவந்த ஆய்வில் பிரிப்பு பலன் தந்ததே என்று கேட்பவர்கள் உண்டு. அது முதலாம் தரத்துப் பிள்ளைகளிடம் நடந்தது. போதாததற்கு, அங்கே மேலதிகமாக ஓர் ஆசிரியரும் கொடுக்கப்பட்டார். நம்மூர்த் தரம் 10க்கு அதை அப்படியே தூக்கி வைக்க முடியாது.

பாடவாரிப் பிரிப்பு இதைவிட நேர்மையானது, 81 எடுத்த பிள்ளைக்கு அநியாயம் நடக்காது. ஆனால் இரண்டு பிரிவுக்கும் கணிதம் ஒரே பாடவேளையில் வரவேண்டும், கணித ஆசிரியர் இருவர் வேண்டும். கிளிநொச்சி நகரில் இது முடியலாம். ஒரே கணித ஆசிரியரோடு ஓடும் உட்கிராமப் பாடசாலையில் முடியாது. பிள்ளைகள் அறை மாற 5 நிமிடம் போனால், வாரம் ஆறு பாடவேளையில் 30 நிமிடம் நடையிலேயே போய்விடும். பின்னேர வகுப்பு வைத்து ஈடுகட்டலாம் என்பது கடதாசியில்தான்: ஆசிரியர் யாழ்ப்பாண பஸ்ஸைப் பிடிக்கவேண்டும், காட்டோரக் கிராமப் பிள்ளை யானைக்குப் பயந்து பொழுதுபட முன் வீடு சேரவேண்டும்.

எங்கள் தெரிவு மூன்றாவது. 32 பிள்ளைகளைக் கணிதப் புள்ளி வரிசையில் எழுதி 1, 16, 17, 32 ஒரு குழு. 2, 15, 18, 31 அடுத்தது. இப்படி எட்டுக் குழு. நிலை எண்களைக் கூட்டினால் ஒவ்வொன்றும் 66. இது கெடுவது ஓரிடத்தில்தான்: முதலாவது பிள்ளை செய்யும், மற்ற மூன்றும் பார்த்து எழுதும். அதனால் கரும்பலகைக்கு யார் வருவதென்று ஆசிரியர் சீட்டுப் போட்டு எடுக்கவேண்டும். புள்ளி தனித்தனிச் சோதனைக்கு. பின்னம், முழுவெண் போன்ற அடிப்படையில் பத்துக் கேள்வி கொடுத்து ஏழுக்குக் குறைந்தவர்களுக்கு வாரம் இரண்டு பாடவேளை பரிகாரக் கற்பித்தல், அதாவது விட்டதைத் திரும்பச் சொல்லிக் கொடுப்பது. பட்டியல் ஒவ்வொரு தவணையும் மாறாவிட்டால் அதுவும் இன்னொரு ‘பி’ வகுப்புத்தான்.

ஒழுக்க வளர்ச்சியிலும் கலப்புக்கே வாக்கு. ஒழுக்க வளர்ச்சியை ஆராய்ந்த கோல்பேர்க்கும் பிளாட்டும் 1975இல் காட்டியபடி, சரி பிழைக்குத் தான் சொல்லும் காரணத்தைவிட ஒரு படி மேலான காரணத்தைக் கேட்டு வாதாடும்போது பிள்ளையின் நியாயம் வளர்கிறது. புள்ளி கூடிய பிள்ளைக்குத்தான் மேலான நியாயம் வரும் என்றில்லை. வயலைத் தெரிந்த பிள்ளையிடமிருந்தும் வரும். 40 நிமிடத்துக்கு ஒரு சிக்கல்: தண்ணீருக்குத் தன் முறை வரமுன் ஒருவர் இரவில் வாய்க்கால் கதவைத் திறந்துவிட்டார், அவருடைய பயிர் வாடுகிறது. கண்டவன் அவருடைய மகனின் கூட்டாளி. கமக்காரர் அமைப்புக்குச் சொல்வானா? வாசிக்க 5 நிமிடம், தனியே முடிவையும் காரணத்தையும் எழுத 5, நால்வர் குழுவில் 15, முழு வகுப்பில் 10, திரும்ப எழுத 5. இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துக் காரணம் மாறியிருக்கிறதா என்று பார்க்கவேண்டும். ஆசிரியர் தன் தீர்ப்பை இடையில் சொல்லிவிட்டால் பாடம் அதோடு சரி; இரண்டாவது தாளில் 32 பேரும் அவருடைய வசனத்தையே எழுதியிருப்பார்கள்.