மூங்கில் கரியில் வடித்த தண்ணீர்: நான்கு வருட அனுபவம்

எங்கள் கிணற்றுத் தண்ணீரில் தேத்தண்ணி போட்டால் கோப்பையிலேயே மை போலக் கறுத்துவிடும். மட்டக்களப்பில் கொக்கட்டிச்சோலைப் பக்கம், வட்டையை (வயல்வெளியை) ஒட்டிய வளவு எங்களுடையது. தண்ணீரில் இரும்பு கூட. தேயிலைச் சாயமும் இரும்பும் சேர்ந்தால் அந்த நிறம்தான் வரும். சோறு மங்கல் மஞ்சளாக இருக்கும், வெள்ளைத் துணியில் துரு ஏறும். மாரியில் இதோடு ஒரு சேற்று வாடையும் சேரும். "இதைக் குடிச்சித்தான் புள்ள நாங்க வளர்ந்த" என்று மாமி சொல்வார். ஆனாலும் அவரே தேத்தண்ணிக்கு மட்டும் இரண்டு வீடு தள்ளிப் போய்க் குடத்தில் அள்ளி வருவார்.

2021 ஆவணியில் மூங்கில் கரி சுடத் தொடங்கினோம். சிரட்டைக்கரி இருக்க ஏன் மூங்கில் என்று பலர் கேட்டிருக்கிறார்கள். சிரட்டைக்கரி உறுதியானது, தூள் குறைவு. கிடைத்தால் அதையே பயன்படுத்துங்கள். எங்கள் வீட்டில் சிரட்டை அடுப்புக்கே போதாது. மாமாவின் வளவில் மஞ்சள் மூங்கில் பற்றை ஒன்று இருக்கிறது. முற்றிய கழிகளை வெட்ட வெட்ட, அடுத்த மாரிக்கு அதே அடியிலிருந்து புதுக் குருத்து வந்துவிடும். காசு கொடுத்து வாங்கவேண்டிய பொருள் இல்லை.

முதல் சுடுகை படு தோல்வி. குழி தோண்டி, தீ மூட்டி, மண்ணால் மூடி, மறுநாள் எடுத்தோம். பார்க்கக் கறுப்பாகத்தான் இருந்தது. ஆனால் அதில் வடித்த தண்ணீர் தேன் நிறத்தில் வந்தது, புகை மணமும் வீசியது. சூடு போதாமல் தார் உள்ளேயே தங்கியிருக்கிறது. தோட்டத்து மண்ணில் கலக்க அந்தக் கரி பரவாயில்லை, தண்ணீருக்கு ஆகாது. தண்ணீர் வடிக்கும் கரிக்கு 600 பாகை செல்சியசுக்கு மேல் சூடு ஏறினால்தான் தார் எரிந்து நுண்துளைகள் திறக்கும்.

அதன்பிறகு 200 லீட்டர் இரும்பு ட்ரம்முக்கு மாறினோம். எண்ணெய், நாசினி எதுவும் இருந்திராத ட்ரம்மாகப் பார்த்து எடுக்கவேண்டும். அடியில் விரல் பருமனில் துளைகள் போட்டு மூன்று கல்லின் மேல் தூக்கி வைத்தோம். நன்றாகக் காய்ந்த மூங்கிலைச் சாண் நீளத்துக்கு வெட்டி, ஒவ்வொரு கணுவையும் பிளந்து அடுக்கவேண்டும். பிளக்காமல் போட்டால் கணுக்களுக்கு நடுவில் அடைபட்ட காற்று சூடேறி வெடிக்கும். ஒரு முறை துண்டு தெறித்து மச்சானின் தோள் சுட்டுப் போனது. நெருப்பை அடியில் அல்ல, மேலே பற்றவைக்கவேண்டும். மேல் மூடிக்கும் ட்ரம்முக்கும் நடுவில் இரண்டு விரல் இடைவெளி, மூடியின் நடுவில் தகரப் புகைக்குழாய். தீ மேலிருந்து கீழே இறங்கும். மூங்கிலிலிருந்து வரும் புகை மேலே அந்த இடைவெளிக் காற்றோடு சேர்ந்து எரிந்துவிடும். சரியாகப் பிடித்துவிட்டால் புகையே தெரியாது. மஞ்சள் சுவாலை மெலிந்து நீலம் கட்டி, அடித்துளைகளில் செந்தணல் தெரிந்ததும் தண்ணீரை ஊற்றி அணைத்துவிடவேண்டும். பிந்தினால் சாம்பல்தான் மிஞ்சும். நாலைந்து கிலோ மூங்கிலுக்கு ஒரு கிலோ கரி என்ற கணக்கில் கிடைக்கிறது.

அணைத்தது போதும் என்று நினைத்து ஒரு நாள் கரியை உரப்பையில் கட்டித் தாழ்வாரத்தில் வைத்தோம். இரவில் உள்ளே கனன்று பை உருகி, நல்லகாலம், சுவருக்குப் பிடிக்கவில்லை. இப்போது ஒரு இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறவிட்டுத்தான் எடுக்கிறோம். சுடுவதும் திறந்த வெளியில் மட்டும்.

நல்ல கரியைக் கையிலேயே அறியலாம். இரண்டு துண்டைத் தட்டினால் ஓடு தட்டியது போலக் கிணுங்கென்று கேட்கும். கையில் பிடிக்கும் கருமை வெறும் தண்ணீரில் போய்விடும். சவர்க்காரம் கேட்டால் தார் இருக்கிறது என்று அர்த்தம். முறித்த முனையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், ஊசி குத்தியது போல நூற்றுக்கணக்கில் துளைகள் நேராக உள்ளே போகும். தண்ணீரில் போட்டதும் சீ என்று சத்தம் போட்டுக் குமிழி விடும், முதலில் மிதக்கும், ஊற ஊறத் தாழும். எத்தனையோ தரம் பார்த்தும் எனக்கு அலுக்காத காட்சி அது.

ஈரமாக இருக்கும்போதே இடிக்கவேண்டும். காய்ந்து இடித்தால் தூசு நெஞ்சுக்குள் போகும். பயற்றுக்கும் கடுகுக்கும் இடைப்பட்ட அளவு போதும். பிறகு கழுவல்தான் பெரிய வேலை. முதலில் சாம்பல் காரத்தால் தண்ணீர் வழுவழு என்று இருக்கும், தெளிந்து வரும்வரை விடாமல் கழுவவேண்டும்.

வடிகட்டி இரண்டு பிளாஸ்டிக் பரல்கள். துளையிட்ட தட்டு ஒன்றிலிருந்து கிணற்றுத் தண்ணீர் மழை போல முதல் பரலின் மணலில் விழும். காற்றுப் பட்டு இரும்பு துருவாகி மணலில் தங்கிவிடும். ஆக, இரும்பைப் பிடிப்பது கரி அல்ல, காற்றும் மணலும்தான். கரி இரண்டாவது பரலில். முதலிலேயே கரியைப் போட்டால் துரு அடைத்து இரண்டு கிழமையில் வீணாகிவிடும், அதையும் செய்து பார்த்தோம். குழாயை நூல் போலத் திறந்து, தண்ணீர் அரை மணித்தியாலமாவது கரியோடு நிற்கும்படி விடுகிறோம். வாடையையும் மங்கல் நிறத்தையும் எடுப்பதில் இந்தக் கரிக்கு நான் முழு மதிப்பெண் கொடுப்பேன்.

உப்பை இது எடுக்காது. வாவிக் கரையில் இருக்கும் என் தங்கை வீட்டுக் கிணறு கோடையில் உவர்க்கும்; அங்கே வைத்துப் பார்த்து ஒரு பயனும் இல்லை. கேத்திலில் வெள்ளையாகப் படியும் சுண்ணாம்பும் குறையவில்லை. கிருமிக்கும் இதை நம்பக் கூடாது. 2024 கார்த்திகை வெள்ளத்தில் கிணறு மூழ்கி, இறைத்து, குளோரின் போட்டபோது ஒன்று விளங்கியது. கரியில் வடித்ததும் குளோரின் மணம் முழுதாகப் போனது. பிள்ளைகளுக்குச் சந்தோசம். ஆனால் மணத்தோடு அந்தப் பாதுகாப்பும் போய்விடுகிறதே! அதனால் எங்கள் வீட்டில் வடித்த தண்ணீரைத் தளதளவென்று கொதிக்க வைக்காமல் யாரும் குடிப்பதில்லை.

கரியை எப்போது மாற்றுவது என்பதில் நான் சோம்பல் பட்டேன். முதல் கரியை ஒரு வருடத்துக்கு மேல் விட்டுவிட்டேன். பழைய வாடை திரும்பியது, தடவினால் வழுக்கல். இப்போது நாலு மாதத்துக்கு ஒரு தரம் மாற்றுகிறேன். வட்டையில் களைநாசினி அடிக்கிற பெரும்போகத்தில் (மாரி நெற்செய்கையில்) இரண்டு மாதத்துக்கு ஒரு தரம். எல்லா நாசினியையும் கரி ஒரே மாதிரிப் பிடிக்காது, நாக்காலும் மூக்காலும் அதைக் கண்டுபிடிக்கவும் முடியாது. ஆகவே அடிக்கிற நாட்களில் குடிக்க மட்டும் வெளியே தண்ணீர் எடுக்கிறோம். கழித்த கரி செவ்வரத்தைக்கும் வேலியோரத்துக்கும் போகிறது, கீரைப் பாத்திக்குப் போடுவதில்லை.

நாசினி அடிக்கிற நாட்கள் தவிர, மாமி இப்போது குடத்தோடு வெளியே போவதில்லை. ஐந்தாவது மாரி வருமுன் இரண்டு பை கரி சுட்டு வைக்கவேண்டும். பிளந்த மூங்கில் முற்றத்தில் காய்கிறது.