மூன்று லேப்டாப் திரைகள்: எதை வாங்கலாம், எந்தக் குறையைப் பொறுத்துக்கொள்ளலாம்

இப்போது கடைகளில் உள்ள லேப்டாப் திரைகளைப் பெரும்பாலும் மூன்று ரகமாகப் பிரித்துவிடலாம். விலை குறைந்த மாடல்களில் 250 நிட்ஸ் (திரை வெளிச்சத்தின் அலகு) வெளிச்சமும் 45% என்டிஎஸ்சி நிறமும் கொண்ட ஐபிஎஸ் (பக்கவாட்டில் பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாத எல்சிடி). நடுத்தர விலையில் 300 முதல் 400 நிட்ஸ் வரை வெளிச்சம் தரும், 100% எஸ்ஆர்ஜிபி ஐபிஎஸ். அதற்கு மேல் ஓஎல்இடி (ஒவ்வொரு பிக்சலும், அதாவது திரையின் மிகச்சிறு புள்ளியும், தானே ஒளிரும் ரகம்). என்டிஎஸ்சி, எஸ்ஆர்ஜிபி இரண்டும் திரை எவ்வளவு நிறம் காட்டும் என்பதற்கான அளவுகோல்கள்; விளக்கம் கீழே. பழைய லேப்டாப் வாங்குகிறவர்கள் நான்காவதாக டிஎன் திரையையும் பார்க்க நேரும். மூடியைக் கொஞ்சம் சாய்த்தாலே நிறம் தலைகீழாகிவிடும் அந்த ரகம், மிக மலிவாகக் கிடைத்தாலொழிய வேண்டாம்.

வாங்கி வந்த முதல் நாள் ஒரு கருப்புப் புள்ளியைப் பார்த்துவிட்டுத் தூக்கம் கெடுகிறவர்கள் நிறையப் பேர். அதே ஆட்கள் 45% என்டிஎஸ்சி திரையை ஐந்து வருடம் ஒரு வார்த்தை சொல்லாமல் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நியாயப்படி இது நேர்மாறாக இருக்க வேண்டும். குறையே இல்லாத மட்டமான திரையைவிட, ஓரத்தில் ஒரு பிக்சல் போன நல்ல திரை மேல். புள்ளி சில நாளில் கண்ணுக்குப் பழகிவிடும். வெளிறிய நிறமும் போதாத வெளிச்சமும் லேப்டாப் இருக்கும்வரை கூடவே இருக்கும்.

45%-க்கும் 100%-க்கும் நடுவே

இந்த இரண்டு எண்களும் ஒரே அளவுகோலில் வந்தவை அல்ல. என்டிஎஸ்சி என்பது 1953-ல் அமெரிக்க வண்ணத் தொலைக்காட்சிக்காக வகுத்த நிறப்பரப்பு. இணையத்திலும் போட்டோக்களிலும் இன்று புழங்கும் எஸ்ஆர்ஜிபி, பரப்பளவில் அதில் 72% வரும். ஆகவே விவரப் பட்டியலில் 72% என்டிஎஸ்சி என்று இருந்தாலும் 100% எஸ்ஆர்ஜிபி என்று இருந்தாலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். 45-ஐ 72-ஆல் வகுத்தால் 62.5%. அதாவது மலிவுத் திரை, எஸ்ஆர்ஜிபி நிறப்பரப்பில் ஏறத்தாழ ஐந்தில் மூன்று பங்கைத்தான் காட்டும்.

எந்த நிறம் முதலில் அடிவாங்கும் என்றால், சிவப்பு. அரக்குச் சிவப்புப் பட்டுப்புடவைப் படத்தை இரண்டு திரையிலும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 45% திரையில் அது செங்கல் நிறத்துக்கு இறங்கியிருக்கும். ஜரிகையின் மஞ்சளும் சோகை பிடித்த மாதிரி தெரியும். ஆன்லைனில் துணி விற்கிறவர், போட்டோ திருத்துகிறவர், யூடியூப் தம்ப்நெயில் செய்கிறவர் இந்தத் திரையை நம்பினால், தன் கண்ணுக்குச் சரியாகும்வரை நிறத்தைக் கூட்டிக்கொண்டே போவார். போனில் பார்க்கிறவருக்கு அது கண்ணைக் குத்தும். கேலிபிரேஷன் (திரையின் நிறத்தை அளந்து திருத்துவது) செய்தால் சரியாகுமா என்று கேட்பார்கள். வெள்ளையில் இருக்கும் நீலச்சாயலைக் குறைக்கலாம், சாம்பல் நிறப் படிகளைச் சமன்படுத்தலாம். பேனலால் காட்டவே முடியாத சிவப்பை எந்த மென்பொருளும் வரவழைக்காது.

மலிவுத் திரைகளில் பல 6 பிட் பேனல்கள். சொந்தமாகக் காட்டுவது 2,62,144 நிறங்கள்தான். மீதியைப் பக்கத்துப் பக்கத்து நிறங்களை வேகமாக மாற்றிக் காட்டிச் சமாளிக்கும். அந்திவானப் படத்தில் நிறம் வழுக்கிக்கொண்டு போகாமல் பட்டை பட்டையாகத் தெரிந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். திரை பழுது என்று சர்வீஸ் சென்டருக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டாம்.

வெளிச்சத்தில் 250-க்கும் 300-க்கும் பெரிய வித்தியாசம் இல்லை. 250-க்கும் 400-க்கும் உண்டு. ட்யூப்லைட் வெளிச்சத்தில் 250 போதும். ஜன்னலுக்குப் பக்கத்தில், ரயிலில் பகல் பயணத்தில், கண்ணாடிச் சுவர் வைத்த ஆபீசில் போதாது. இங்கே மேட் பூச்சும் (பிரதிபலிப்பைக் குறைக்கும் பளபளப்பில்லாத பூச்சு) கணக்கில் வரும்: 300 நிட்ஸ் மேட் திரை, பளபளப்பான 400 நிட்ஸ் திரையைவிடப் பகலில் வசதியாக இருப்பது உண்டு.

டைப்பிங், கணக்கு, கோடிங் மட்டும்தான் வேலை என்றால் 45% திரை பாவமில்லை. மிச்சமாகும் பணத்தை ரேமிலும் எஸ்எஸ்டியிலும் போடலாம். ஒரு எச்சரிக்கை: விவரப் பட்டியலில் நிறத்தைப் பற்றி ஒன்றுமே எழுதாமல் வெறுமனே ‘புல் எச்டி, ஆன்டிகிளேர்’ என்று விட்டிருந்தால் அதை 45% என்றே எடுத்துக்கொள்ளுங்கள். நல்ல பேனல் போட்ட கம்பெனி அதைச் சொல்லாமல் விடாது.

ஓஎல்இடி: அழகும் அதன் விலையும்

1000:1 கான்ட்ராஸ்ட் (வெள்ளைக்கும் கருப்புக்கும் உள்ள வெளிச்ச விகிதம்) உள்ள ஐபிஎஸ் திரையில் வெள்ளை 250 நிட்ஸ் என்றால் கருப்பு 0.25 நிட்ஸ். இருட்டறையில் அது சாம்பல். ஓஎல்இடியில் கருப்பு பிக்சல் அணைந்தே போகும். திரைகளுக்குத் தரம் வகுக்கும் வெசா அமைப்பின் ட்ரூ பிளாக் சான்றுக்குக் கருப்பு 0.0005 நிட்ஸைத் தாண்டக் கூடாது. வேகமும் அப்படித்தான். 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு பிரேம் 16.7 மில்லிசெகண்ட். மலிவு ஐபிஎஸ் பல நேரம் நிறம் மாற அதைவிடக் கூடுதல் நேரம் எடுப்பதால்தான் பக்கத்தை ஸ்க்ரோல் செய்யும்போது எழுத்துக்குப் பின்னால் வால் தெரிகிறது. ஓஎல்இடியில் அந்த வால் கிடையாது.

படம் பார்க்க இதற்கு ஈடு இல்லை. நாள் முழுக்க வெள்ளைப் பக்கத்தில் வேலை செய்கிறவருக்கு மட்டும் மூன்று விஷயம் சொல்ல வேண்டும்.

முதலாவது, மினுக்கம். லேப்டாப் ஓஎல்இடி பலவும் வெளிச்சத்தைக் குறைக்க, பிக்சல்களை வேகமாக அணைத்து எரியவிடும். அந்த வேகம் பல பேனல்களில் 240 ஹெர்ட்ஸ் அளவில்தான் இருக்கிறது. சிலருக்கு ஒன்றும் தெரியாது. சிலருக்கு இரண்டு மணி நேரத்தில் தலைவலி. கடையிலேயே சோதித்துவிடலாம்: திரையின் வெளிச்சத்தை 30%-க்குக் குறைத்து, வெள்ளைப் பக்கத்தைத் திறந்து, போன் கேமராவின் ப்ரோ மோடில் ஷட்டரை 1/1000 ஆக்கிப் பாருங்கள். கருப்புப் பட்டைகள் ஓடினால் மினுக்கம் உண்டு. பட்டை அகலமாகவும் கருகருவென்றும் இருந்தால் மினுக்கம் மோசம். முன்பு இதனால் அவதிப்பட்டவர்கள் ஐபிஎஸ் பக்கமே இருப்பது நல்லது.

இரண்டாவது, கருக்கல் (பர்ன்-இன்). டாஸ்க்பார் மாதிரி நகராமல் நிற்கும் பகுதிகளில் பிக்சல் சீக்கிரம் தேய்ந்து, அந்த உருவம் நிழலாகத் தங்கிவிடும். டாஸ்க்பார் தானாக மறையும்படி வைத்து, டார்க் மோடுக்கு மாறி, 3 நிமிடத்தில் திரை அணையும்படி செய்துவிட்டால் ஆபத்து வெகுவாகக் குறையும். காலை முதல் மாலை வரை ஒரே எக்செல் ஷீட் என்றால் அதையும் யோசித்துத்தான் வாங்க வேண்டும்.

மூன்றாவது, பேட்டரி. டார்க் மோடில் ஓஎல்இடி சிக்கனம். வெள்ளைப் பின்னணியில் ஐபிஎஸ்ஸைவிடக் கூடுதலாகக் குடிக்கும்.

போட்டோ எடிட் செய்கிறவர்களுக்குத் தனியாக ஒன்று. ஓஎல்இடியின் இயல்பான நிறப்பரப்பு டிசிஐ-பி3, எஸ்ஆர்ஜிபியைவிட அகலமானது. எஸ்ஆர்ஜிபி படத்தை அப்படியே போட்டால் தோல் நிறம் வெந்து சிவந்தது போல வரும். தயாரிப்பாளர் தரும் செயலியில் எஸ்ஆர்ஜிபி மோடு இருக்கிறதா என்று பார்த்து அதில் வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள்.

நம் தீர்ப்பு: பெரும்பாலானவர்களுக்கு நடுவில் உள்ள 100% எஸ்ஆர்ஜிபி ஐபிஎஸ்தான். ஓஎல்இடி சினிமாப் பிரியர்களுக்கும் வீடியோ எடிட் செய்கிறவர்களுக்கும்.

உள்ளே இருப்பது எந்தப் பேனல்?

ஒரே மாடலில் இரண்டு மூன்று கம்பெனி பேனல்களை மாற்றி மாற்றிப் போடுவது சகஜம். விண்டோஸில் டிவைஸ் மேனேஜரைத் திறந்து, மானிட்டர்ஸ் என்பதன் கீழே உள்ளதை இரட்டைக் கிளிக் செய்து, டீட்டெயில்ஸ் பக்கத்தில் ஹார்ட்வேர் ஐடிஸ் என்பதைத் தேர்ந்தெடுங்கள். பிஓஇ, ஏயுஓ, எல்ஜிடி, சிஎம்என், எஸ்டிசி என்று மூன்றெழுத்து தெரியும். சிஎம்என் என்றால் இன்னோலக்ஸ், எஸ்டிசி என்றால் சாம்சங். முழு மாடல் எண் வேண்டுமானால் எச்டபிள்யூஇன்போ என்ற மென்பொருள் காட்டும். அந்த எண்ணைத் தேடினால் நிட்ஸ், நிறம், கான்ட்ராஸ்ட் எல்லாம் வந்துவிடும். ஏயுஓவில் எண்ணைப் பார்த்தே ரகம் சொல்லலாம்: பி156எச்ஏஎன் என்று தொடங்கினால் ஐபிஎஸ் குடும்பம், பி156எச்டிஎன் என்றால் டிஎன்.

குறைகள்: எது பொறுக்கலாம், எது கூடாது

பெட்டியைப் பிரித்த அன்றே சோதனையை முடித்துவிடுங்கள். ஆன்லைன் விற்பனையில் திருப்பும் கெடு பல இடங்களில் 7 நாள்தான். திரையைத் துடைத்துவிட்டு (தூசியைப் பிக்சல் என்று நினைப்பவர்கள் உண்டு) கருப்பு, வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம், நடுச்சாம்பல் ஆகிய ஆறையும் முழுத்திரையில் ஒவ்வொன்றாகப் பாருங்கள். கருப்பை மட்டும் விளக்கை அணைத்துவிட்டு.

*பிக்சல்.* நிறத்தோடு எரிந்துகொண்டே இருக்கும் புள்ளி வேறு, இருண்டே கிடக்கும் புள்ளி வேறு. ஐபிஎஸ்ஸில் மின்னழுத்தம் இல்லாத பிக்சல் இருட்டாக நிற்கும். டிஎன்னில் அதே பழுது வெளிச்சப் புள்ளியாகத் தெரியும். எரியும் புள்ளிக்கு வைத்தியம் உண்டு. ஜேஸ்க்ரீன்ஃபிக்ஸ் இணையதளம் மாதிரி நிறங்களை வேகமாக மாற்றும் சதுரத்தை அந்த இடத்தில் வைத்து அரை மணி நேரம் ஓடவிடலாம். பலன் நிச்சயமில்லை, எல்சிடியில் செய்வதால் நஷ்டமும் இல்லை. ஓஎல்இடியில் வேண்டாம், பிக்சலைத் தேய்ப்பதுதான் மிச்சம். விரலால் அழுத்துகிற வைத்தியத்தை விட்டுவிடுங்கள். ஒரு புள்ளியைச் சரிசெய்யப் போய் வெள்ளைத் திட்டு ஒன்றை வாங்கிக்கொண்டவர்கள் அதிகம். இருண்ட புள்ளிக்கு மருந்தே இல்லை.

உத்தரவாதத்தில் மாற்றித் தருவார்களா? ஐஎஸ்ஓ 13406-2 என்ற பழைய தரநிர்ணயத்தின் இரண்டாம் வகுப்பில், 10 லட்சம் பிக்சலுக்கு 2 எரியும் புள்ளி, 2 இருண்ட புள்ளி, 5 துணைப்பிக்சல் (பிக்சலுக்குள் இருக்கும் சிவப்பு, பச்சை, நீலப் பகுதி) பழுது வரை குறையாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். புல் எச்டியில் 20,73,600 பிக்சல். கணக்குப் போட்டால் நான்கு இருண்ட புள்ளி இருந்தும் ‘தரமான திரை’தான்! கம்பெனிக்குக் கம்பெனி விதி வேறு, ஆனால் ஒரு புள்ளிக்கு வாரன்டி கேட்டால் பெரும்பாலும் கைவிரிப்பார்கள். அதனால்தான் கடைக்காரரின் 7 நாள் கெடு கம்பெனியின் ஒரு வருட வாரன்டியைவிட இங்கே பெரிது. நடுவில் எரியும் புள்ளி என்றால் திருப்புங்கள். மூலையில் இருண்ட புள்ளி, மற்றபடி பேனல் நல்லது என்றால் வைத்துக்கொள்ளுங்கள். மாற்றி வருவது ஒளிக்கசிவோடு வரலாம்.

*ஒளிக்கசிவு.* கருப்புத் திரையில் மூலை வெளுத்திருந்தால் உடனே கசிவு என்று முடிவு கட்ட வேண்டாம். இரண்டடி பின்னால் போய், தலையை இடம் வலம் நகர்த்துங்கள். வெளுப்பு மங்கினாலோ இடம் மாறினாலோ அது ஐபிஎஸ்ஸின் இயல்பான ஒளிர்வு (ஐபிஎஸ் க்ளோ). எல்லா ஐபிஎஸ்ஸிலும் உண்டு. அசையாமல் அதே இடத்தில் மஞ்சளாக நின்றால் கசிவு. சட்டகம் பேனலை ஒரு பக்கமாக அழுத்துவதால் வருவது. போனில் போட்டோ எடுத்துப் பார்த்துப் பயப்படாதீர்கள், ஆட்டோ எக்ஸ்போஷர் அதைப் பத்து மடங்காக்கிக் காட்டும்.

*வெள்ளைத் திட்டு.* வெள்ளைப் பின்னணியில் காசளவு வெளிச்சத் திட்டு தெரிந்தால், பேக்லைட்டின் (திரைக்குப் பின்னால் எரியும் விளக்கின்) ஒளியைப் பரப்பும் தாள்கள் அழுந்திவிட்டன என்று பொருள். பையில் லேப்டாப் மூடிமேல் சாப்பாட்டு டப்பாவும் புத்தகமும் நெருக்குவது, மூடியை ஒரு மூலையில் பிடித்துத் தூக்குவது, இவைதான் வழக்கமான காரணம். தானாகப் போகாது. கேமராவை மறைக்கும் பிளாஸ்டிக் மூடியும் இதே வேலையைச் செய்யும். மேக்புக்கை அப்படி ஒன்றோடு மூடினால் திரை சேதமாகலாம் என்று 2020-ல் ஆப்பிளே எச்சரித்தது.

*கோடு.* முதலில் ஸ்க்ரீன்ஷாட் எடுத்துப் போனுக்கு அனுப்பிப் பாருங்கள். படத்திலும் கோடு இருந்தால் டிரைவர் அல்லது கிராபிக்ஸ் கோளாறு. படத்தில் இல்லை, திரையில் மட்டும் என்றால் மூடியை மெதுவாக முன்னும் பின்னும் அசையுங்கள். கோடு வந்து வந்து போனால் ஹிஞ்ச் வழியாகப் போகும் டிஸ்ப்ளே கேபிள், செலவு குறைவு. எப்படி அசைத்தாலும் ஒரே செங்குத்துக் கோடு நின்றால் பேனல் ஓரத்து இணைப்பு விட்டுவிட்டது. பேனல் மாற்றுவதுதான் வழி.

*வெளிச்சம் தானாக ஏறி இறங்குவது.* இது பல நேரம் பழுதே இல்லை. விண்டோஸ் 11-ன் டிஸ்ப்ளே அமைப்பில் உள்ளடக்கத்துக்கேற்ப வெளிச்சம் மாற்றும் வசதியை ஆஃப் செய்யுங்கள். இன்டெல் செயலியில் டிஸ்ப்ளே பவர் சேவிங், ஏஎம்டியில் வேரி-பிரைட். இவற்றையும் அணைத்த பிறகும் தொடர்ந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

பேனலையே மாற்றினால்

45% திரையை 100% எஸ்ஆர்ஜிபி பேனலாக மாற்றுவதும் நடக்கிற காரியம்தான். சென்னை ரிச்சி தெரு மாதிரி இடங்களில் பேனல் கிடைக்கும். ‘15.6 புல் எச்டி’ என்று மட்டும் கேட்டால் கைக்கு வருவது பெரும்பாலும் மறுபடி ஒரு 45%தான். மாடல் எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். கனெக்டர் 30 பின்னா 40 பின்னா என்று பாருங்கள்: சாதாரண 60 ஹெர்ட்ஸ் புல் எச்டிக்கு 30, தொடுதிரைக்கும் 120, 144 ஹெர்ட்ஸுக்கும் பொதுவாக 40. மேலும் கீழும் திருகு மாட்டும் காதுகள் உள்ளனவா, ஒட்டும் டேப்பில் நிற்பதா, கனெக்டர் எந்தப் பக்கம் என்பதும் ஒத்துவர வேண்டும். வேலையைத் தொடங்குமுன் சார்ஜரை எடுத்துவிட்டு, அடிமூடியைத் திறந்து பேட்டரி கனெக்டரைக் கழற்றிவிடுங்கள். பேட்டரி மாட்டியிருக்கும்போதே டிஸ்ப்ளே கேபிளை உருவினால் மதர்போர்டில் பேக்லைட் பியூஸ் போய்விடலாம்; போனால் புதுப் பேனல் போட்டும் திரை இருட்டாகவே இருக்கும், டார்ச் அடித்துப் பார்த்தால் மட்டும் படம் மங்கலாகத் தெரியும்.